மாறுகண் அழகி

கண் டாக்டரின் மனைவி பீங்கான் பொம்மைகள் சேர்ப்பவள். அலமாரி நிறைய அழகிகள். ஒன்றுக்கு மட்டும் மாறுகண். அதைத்தான் அவள் சாப்பாட்டு மேசைக்கு எதிரே வைத்திருந்தாள். பார்க்கப் பார்க்க டாக்டருக்குக் கை பரபரத்தது. அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த சமயம், பொம்மையின் தலைமுடி விக்கைக் கழற்றி, தலைக்குள் இடுக்கியை விட்டுக் கண்ணை நேராக்கிவிட்டார்.

திரும்பி வந்தவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"மத்ததெல்லாம் முறைச்சுப் பாக்குதுங்க. இது ஒண்ணுதான் நம்மள நிம்மதியா சாப்பிட விட்டுச்சு!"

டாக்டர் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். பொம்மை அவர் தட்டையே பார்த்தது. இன்னொரு முறை சோறு போட்டுக்கொள்ள நீண்ட கை, பாதியிலேயே நின்றது. பசி அடங்கவில்லை, வெட்கமாகவும் இருந்தது.

"ஏம்மா, இத மறுபடியும் மாறுகண்ணாக்கிடட்டுமா?"

"தாராளமா. மொதல்ல சுவத்துல மாட்டியிருக்கிற உங்க கண் டாக்டர் பட்டத்தக் கழட்டி வச்சிட்டுப் பண்ணுங்க."