வேனில் முத்துமாரி கேட்டது

காலை டீ இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் தபஸ்ஸும் மேடம் தையல் லைனுக்கே நடந்து வந்தார். அந்த ஷூ கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர் அவர். யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் ஆள் விட்டுக் கூப்பிடுவதுதான் வழக்கம். அதனால் அவர் வருவதைக் கண்டதுமே சில பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டார்கள். அவர் நேராக சூப்பர்வைசர் கிறிஸ்டினாவிடம் போய் அவள் தோளில் கை வைத்தார்.

"பையை எடுத்துக்கிட்டு வாம்மா. உன் வூட்டுக்காரருக்கு வேலை எடத்துல ஆக்சிடென்ட். தொட்டியில விழுந்துட்டாராம்."

கிறிஸ்டினா தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை. கையில் இருந்த ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பித் தையல் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தாள். பார்த்து முடித்து, அதை அடுத்த மேசையில் வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்தாள். அப்போதுதான் இரண்டு மெஷின் தள்ளி உட்கார்ந்திருந்த முத்துமாரி எழுந்து வந்து அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"மேடம், அக்கா தனியா போவ வேணாம். நானும் கூடப் போறேன்."

தபஸ்ஸும் சரி என்றார். கம்பெனி வேன் வாசலுக்கு வந்தது.

இருவரும் ஒரே தெருக்காரர்கள். ஆம்பூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, பாலாற்றங்கரைப் பக்கம் வீடு. கிறிஸ்டினாவின் கணவன் இன்பராஜ், தோல் பதனிடும் ஒரு தோல் ஷாப்பில் மோட்டார், பைப் வேலை பார்க்கும் ஃபிட்டர். முத்துமாரியின் கணவன் வேலுவை அங்கே உதவியாளாகச் சேர்த்துவிட்டதும் அவன்தான். தினமும் ஒரே பைக்கில் இருவரும் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

வேனில் கிறிஸ்டினா ஜெபிக்கப் பார்த்தாள். சபையில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ஜெபிக்கக் கூப்பிடுவது அவளைத்தான். கண்ணை மூடினால் தடையில்லாமல் வார்த்தை வரும். இன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாலையோரம் ஒரு பிரியாணிக் கடைக்காரர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு சாதாரணமாக எப்படி இருக்கிறார் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

முத்துமாரி தன் கணவனுக்கு போன் போட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டேன்றாரு. அண்ணன் கூடத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாரு" என்றாள்.

பிறகு கிறிஸ்டினாவின் உதடு அசையாமல் இருப்பதை அவள் கவனித்தாள். முத்துமாரி மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவள். அவள் கிறிஸ்டினாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, டிரைவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "ஏசு சாமி, அக்கா வாயால கேக்க முடியல. நான் கேக்கறேன். எங்க அண்ணனை எப்படியாவது காப்பாத்திக் குடு."

அரசு ஆஸ்பத்திரி வாசலில் கூட்டமாக இருந்தது. தோல் ஷாப்பு ஆட்கள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உள்ளே ஊழியர் ஒருவர், தோல் ஷாப்பு கேஸா என்று கேட்டார். ஆமாம் என்றதும் கொஞ்சம் தயங்கினார்.

"ஆள் போய்ட்டாரும்மா. சம்சாரம் யாரு?"

"நான்தான்" என்றாள் கிறிஸ்டினா.

பிணவறைக்குப் போகும் வழியெல்லாம் முத்துமாரி அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு, பாதி தூக்கிக்கொண்டே நடந்தாள். அழாதே என்று சொல்லவில்லை. கால் தடுக்குகிற இடத்தில் மட்டும் பார்த்துப் பார்த்து என்றாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்த உடம்பு முழுவதும் சகதி. ஊழியர் முகத்து மேலிருந்த துணியை விலக்கினார்.

முதலில் அது இன்பராஜ் இல்லை என்பது மட்டும்தான் கிறிஸ்டினாவின் கண்ணுக்குத் தெரிந்தது. யார் என்று தெரிய இன்னும் ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடிக்குள் அவள் வாய் திறந்துவிட்டது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே."

வேனில் வராத வார்த்தை அந்த அறை முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். வேலு.

இடுப்பைச் சுற்றியிருந்த கை அப்படியே இருந்தது. முத்துமாரி கத்தவில்லை. கழுத்தை நீட்டி, புரியாமல் பார்த்தாள்.

"இவரு இன்னாத்துக்கு இங்க படுத்துக்கினு இருக்காரு?" என்று ஊழியரைக் கேட்டாள்.

இன்பராஜ் மாடி வார்டில் ஆக்சிஜன் மாட்டிக் கிடந்தான். நினைவு இல்லை. உயிர் இருந்தது. நடந்ததைத் தோல் ஷாப்பு ஆட்கள் பிறகு துண்டு துண்டாகச் சொன்னார்கள். கழிவுநீர்த் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டதால் இன்பராஜ் இறங்கியிருக்கிறான். பாதி ஏணியிலேயே விஷவாயு தாக்கி விழுந்துவிட்டான். உடனே ஒருவர் கிறிஸ்டினாவின் கம்பெனிக்கு போன் செய்திருக்கிறார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வேலு முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கயிற்றோடு இறங்கிவிட்டான். இன்பராஜின் இடுப்பில் கயிற்றைக் கட்டி மேலே குரல் கொடுத்திருக்கிறான். இழுத்துப் போட்டார்கள். அவிழ்த்த கயிற்றை மறுபடி கீழே விட்டபோது அதைப் பிடிக்க ஆள் இல்லை.

இன்பராஜ் கண் விழித்ததும் முதலில் வேலுவைத்தான் கேட்டான். கிறிஸ்டினா சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். டிஸ்சார்ஜ் ஆகும்வரை டாக்டர் கேட்டதற்குத் தவிர யாருக்கும் பதில் சொல்லவில்லை.

சபையில் எல்லோரும் அற்புதம் என்றார்கள். அப்படிப்பட்ட தொட்டியில் விழுந்தவன் பிழைத்ததே இல்லை, கர்த்தர் கைதூக்கி விட்டார் என்று வீடு தேடி வந்து சொன்னார்கள். அந்த வீட்டிலிருந்து நாலு வாசல் தள்ளி வேலுவின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தது. வந்தவர்கள் அதைத் தாண்டித்தான் வந்தார்கள். கிறிஸ்டினா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ஜெபிக்கச் சொன்னால் தொண்டை வலி என்றாள். ஜெபிக்க வாயைத் திறந்தாலே பிணவறையில் கேட்ட தன் குரல் திரும்பக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை போதகர் இன்பராஜை முன்னால் அழைத்தார். நல்ல மனிதர். ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் கூட இருந்தவர். கர்த்தர் செய்ததைச் சபைக்குச் சாட்சியாகச் சொல்லும்படி அன்பாகத்தான் கேட்டார். இன்பராஜ் மைக்கை வாங்கினான்.

"வேலு என் இடுப்புல கயிறு கட்னான். கட்றப்ப எனக்குக் கொஞ்சம் நெனப்பு இருந்துச்சு. அவன் கை தெரிஞ்சுது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

மைக்கை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். ஆமென் என்று சொல்லத் தயாராக இருந்தவர்கள் சொல்லாமல் இருந்தார்கள். போதகர் அடுத்த பாட்டு எண்ணைச் சொல்ல மறந்து நின்றார். கிறிஸ்டினா எழுந்து வெளியே போய்விட்டாள்.

முத்துமாரியின் வீட்டுக்குள் நுழைய அவளுக்குத் தைரியம் இல்லை. சாவு வீட்டிலும் காரியத்திலும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வந்ததோடு சரி. தெருவில் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் போனாள். முத்துமாரி வேலைக்குத் திரும்பவில்லை. அவள் மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் முத்துமாரியே வாசலில் நின்று கூப்பிட்டாள். உள்ளே பாயைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னாள். மெலிந்திருந்தாள். கண் வறண்டிருந்தது. அன்றிலிருந்து இவள் அழவேயில்லை என்று வேலுவின் அக்கா எல்லோரிடமும் பயத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்டினா முந்திக்கொண்டாள். "முத்து, அன்னிக்கு அங்க நான் சொன்னது உன் காதுல வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சு."

"நான்..."

"உட்டுடுக்கா. அது மறக்கல. ஆனா என் வூட்டுக்காரரு பொழச்சிருந்தா நானும் அப்படித்தான் எதையாவது சொல்லியிருப்பேன். நான் கூப்ட்டது அதுக்கு இல்ல." முத்துமாரி கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். "வேன்ல போறப்ப உங்க சாமிகிட்ட நான் ஒண்ணு கேட்டேன். எங்க அண்ணனைக் காப்பாத்துன்னு. அவரை மட்டுந்தான் கேட்டேன். என் வூட்டுக்காரரு பேரையே சொல்லல. நான் கேட்டதுதான் நடந்துச்சாக்கா?"

பிணவறையில் தான் சொன்ன வார்த்தையைத்தான் முத்துமாரி சுமந்துகொண்டிருக்கிறாள் என்று கிறிஸ்டினா இத்தனை நாள் நினைத்திருந்தாள். இவளோ வேனில் கேட்ட வார்த்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். இல்லை, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் ஜெபித்தால் நடக்கும் என்று இந்தத் தெருவில் இவளுக்கே எத்தனையோ முறை சொன்னவள் கிறிஸ்டினாதான்.

"எனக்குத் தெரியல முத்து."

"நீ தெனமும் பேசுற சாமிதானே. கேட்டுச் சொல்லு."

மறுநாள் மதியமே வேலையில் சொல்லிவிட்டு கிறிஸ்டினா சபைக்குப் போனாள். உள்ளே யாரும் இல்லை. மின்விசிறிகூட ஓடவில்லை. முழங்கால் போடவில்லை. முன் பெஞ்சியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள். ஒருத்தி கேட்டதற்கு அவள் புருஷனையே விலையாக எடுத்தீரா? என் புருஷனைத் தூக்கிவிட இன்னொருத்தன்தான் உமக்குக் கிடைத்தானா? எனக்கு நன்றி சொல்லத் தோன்றியபோது நீர் எந்தப் பக்கம் நின்றீர்? கேட்கக் கேட்கக் குரல் உயர்ந்தது. ஆண்டவரிடம் இப்படிப் பேசலாமா என்ற பயம் முதலில் இருந்தது, பிறகு இல்லை. கத்தினாள். பெஞ்சியைத் தட்டினாள். அழுது ஓய்ந்து அதிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பதில் ஒன்றும் வரவில்லை. வெளியே ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

உட்கார்ந்திருந்தபோது, சிறுவயதிலிருந்து அவள் எத்தனையோ தடவை கேட்ட ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. சிலுவைக்கு முந்தின ராத்திரி இயேசுவும் ஒன்று கேட்டார். இந்தச் சாவு எனக்கு வேண்டாம், எடுத்துப் போடும் என்று வேர்த்து விறுவிறுத்துக் கேட்டார். அவருக்கும் அது கிடைக்கவில்லை. இத்தனை வருஷமும் கொடுக்கிற இடத்தில், மேலே எங்கோதான் அவரை அவள் வைத்திருந்தாள். பிணவறையிலும் தன் பக்கத்தில், பிழைத்தவர்கள் பக்கத்தில்தான் அவர் நிற்கிறார் என்று நினைத்து ஸ்தோத்திரம் சொன்னாள். அவர் அங்கே நிற்கவில்லை என்று இப்போது தோன்றியது. அவர் துணிக்குக் கீழே கிடந்தவனோடு இருந்தார். அதற்கும் முன்னால், தொட்டிக்குள், சகதியில், கயிறு மேலே போன பிறகு வேலு நின்ற அந்த இருட்டில் இருந்தார்.

யாரோ வந்து சொன்னதுபோல் இல்லை. அவளாகவே தேற்றிக்கொள்ள நினைத்ததும் இல்லை. துக்கம் அப்படியே இருந்தது, கேள்வியும் அப்படியே இருந்தது. ஆனால் அவற்றின் நடுவே மூச்சு விட இடம் கிடைத்திருந்தது. வேலுவின் பெயரைச் சொன்னாள். முத்துமாரியின் பெயரைச் சொன்னாள். வேறெதுவும் கேட்காமல் வெகுநேரம் அங்கேயே இருந்தாள்.

நேராக முத்துமாரியிடம் போனாள்.

"கேட்டேன். நீ கேட்டதுக்குப் பதில் கெடைக்கல. பொய் சொல்ல மாட்டேன்."

முத்துமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணு மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியுது. வேலு கீழ தனியா இல்ல. கடைசியில அவன் கூட ஏசு இருந்தாரு."

முத்துமாரி நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஸ்ட்ரெச்சரைப் பார்த்தபோது இருந்த அதே புரியாத பார்வை. பிறகு முகம் கோணியது.

"தனியா செத்தாரேன்னுதான்கா எனக்கு..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. வாய்விட்டு அழுதாள். வேலுவின் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தவள், நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கிறிஸ்டினாவும் அழுதாள். இருட்டும்வரை அந்தப் பாயிலேயே இருந்தார்கள்.

முத்துமாரி சபைக்கு வரவில்லை. கிறிஸ்டினா கூப்பிடவும் இல்லை. ஆடியில் முத்துமாரி வழக்கம்போல் கூழ் ஊற்றினாள். கேட்டதுதான் நடந்ததா என்று பிறகும் ஒன்றிரண்டு முறை கேட்டாள். தெரியவில்லை என்றே கிறிஸ்டினா சொன்னாள்.

இன்பராஜ் அந்தத் தோல் ஷாப்புக்குத் திரும்பிப் போகவில்லை. முகமூடி, பெல்ட் எதுவும் தராமல்தான் தங்களை இறக்கினார்கள் என்று விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தான். அதற்கு முன்னால், எழுதாதே என்று சொல்லிப் பார்க்கத் தோல் ஷாப்பு முதலாளி ஆட்களை அனுப்பியிருந்தார். அவர்களையும் உட்காரவைத்து, வேலு எப்படி இறங்கினான் என்று முழுவதும் சொன்னான். அன்றைக்குத்தான் அவன் அவ்வளவு பேசினான். வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது முத்துமாரி வேலைக்கு வந்தாள். தபஸ்ஸும் மேடம் அவளுக்கு வேறு லைன் கொடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அக்கா லைனிலேயே இருக்கிறேன் என்றாள்.