சிவந்த இடத்தில் தேய்க்கக் கூடாது

வார்டுக்குள் என் அம்மாவை நான் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். கல்லூரி விதி. பெற்றவளைச் சகோதரி என்று அழைக்க வைத்து அதற்கு வருகைப் பதிவும் போடுகிற படிப்பு நர்சிங் ஒன்றுதான். நோயாளிகள் வேறு மாதிரி. வெள்ளைச் சட்டை போட்ட ஆண்பிள்ளை என்றால் டாக்டர் என்று முடிவு கட்டியவர்கள். பாதி ஆயுளை அந்த வார்டில் கழித்த அம்மாவை “ஏம்மா, கொஞ்சம் தண்ணி” என்பார்கள். ஊசியைக் கையில் எடுத்தாலே வேர்த்துப்போகிற என்னை “டாக்டர் தம்பி” என்பார்கள். நான் திருத்தியதில்லை.

அம்மா எலும்பு முறிவு வார்டின் பொறுப்பு நர்ஸ். இடுப்பு உடைந்தவர்கள், தொடை உடைந்தவர்கள், எழுந்திருக்க முடியாமல் மல்லாந்தே கிடப்பவர்கள். அப்படிக் கிடந்தால் வால் எலும்புக்கு மேலே தோல் சிவக்கும். சிவந்தது கறுக்கும். கறுத்தது குழியாகும். படுக்கைப் புண் வந்தால் உடைந்த எலும்பு கூடிய பிறகும் ஆள் வீட்டுக்குப் போக முடியாது. அது வராமலிருக்க அந்த வார்டில் காலையும் மாலையும் முதுகு தேய்ப்பார்கள். நோயாளியை ஒருக்களித்துத் திருப்பி, ஸ்பிரிட் ஊற்றி, சிவந்த இடமாகப் பார்த்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, மேலே பவுடர் தூவுவார்கள். ‘சிஸ்டரம்மா கை’ என்றால் ஆஸ்பத்திரி முழுக்க ஒரு பேர் உண்டு.

“இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு சிஸ்டரம்மா” என்பார் ஏழாம் கட்டில் தையல்காரர். இடுப்பு முறிந்து வந்தவர். அம்மா அவரை அண்ணே என்பாள். வீட்டு முறைப்படி பார்த்தால் எனக்கு மாமா, வார்டு முறைப்படி அண்ணன்.

கடைசி வருஷத்தில் ஆராய்ச்சிப் பாடம் எடுக்கும் மேடம் ஒரு வேலை கொடுத்தார். “வார்டுல தினமும் செய்யற ஒரு விஷயத்தை எடுத்துக்கோங்க. ஏன் செய்யறோம்னு கேளுங்க. ‘எப்பவும் அப்படித்தான்’னு பதில் வந்தா அதுதான் உங்க தலைப்பு.”

வகுப்பில் பாதிப் பேர் கை கழுவுவதை எடுத்துக்கொண்டார்கள். கை கழுவுவதை எதிர்த்து யாரும் கோபப்பட மாட்டார்கள். நான் அம்மாவின் கையை எடுத்துக்கொண்டேன். விஞ்ஞான தாகம் என்று சொல்ல ஆசைதான். வீட்டில் ஒரு தடவையாவது வாக்குவாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது.

நூலகக் கணினியில் முதலில் ‘முதுகு’, ‘மசாஜ்’ என்று தட்டினேன். உலகத்திலிருந்த அத்தனை மசாஜ் நிலையங்களும் படத்தோடு வந்து நின்றன. நூலகர் என் தோளுக்குப் பின்னால் வந்து திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ப்ராஜெக்ட் சார்.”

“எல்லாரும் அதான் சொல்றாங்க.”

அதன் பிறகுதான் மேடம் சொன்ன மாதிரி கேள்வியைத் துண்டு போட்டேன். யாருக்கு? என்ன செய்கிறோம்? செய்யாவிட்டால் என்ன? கடைசியில் எதைப் பார்க்கப்போகிறோம்? அப்படித் தேடியதும் ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. ஒன்று பவுடர் கம்பெனி காசில் நடந்தது. அதில் பவுடர் ஜெயித்திருந்தது. இன்னொன்றில் மொத்தமே பதினாலு பேர். பாதியில் மூன்று பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், ஒருவர் ஒரேயடியாகப் போய்விட்டார். மூன்றாவதாக ஒரு பேராசிரியரின் வாக்குமூலம்: நான் ஆயுள் முழுக்கத் தேய்த்திருக்கிறேன், ஆகவே தேய்க்கலாம். சான்றுகளின் தரவரிசையில் இந்த மாதிரி அனுபவ வாக்குக்கு அடிமட்டம்தான். அந்தத் தரவரிசையைக் கூம்பு மாதிரி வரைந்து எங்கள் வகுப்பில் மாட்டியிருக்கிறார்கள். ஆணி கழன்று தலைகீழாகத் தொங்குகிறது. எங்கள் கல்லூரியில் நடப்பதும் அப்படித்தான் என்பதால் யாரும் நிமிர்த்தவில்லை.

பல ஆய்வுகளைச் சலித்துச் சேர்த்த தொகுப்புகள் கடைசியாகக் கிடைத்தன. தேய்த்தால் புண் வராது என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை. சிவந்த இடத்தில் தேய்த்தால் கெடுதல் வரலாம் என்பதற்கு ஓரளவு இருந்தது. ஆனால் பழைய ஆய்வு ஒன்றில் மட்டும் தேய்த்தவர்களுக்குப் புண் குறைவாக வந்திருந்தது. செய்முறைப் பகுதியை இரண்டு தடவை படித்தபோதுதான் பிடிபட்டது. தேய்ப்பதற்காக அவர்களைத் திருப்பியிருக்கிறார்கள். தேய்க்காதவர்களை யாரும் திருப்பவே இல்லை.

வீட்டில் அம்மா வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காகிதங்களைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

“என்னடா, என்னை இங்கிலீஷ்ல திட்டியிருக்கான்?”

“திட்டலம்மா. செவந்த இடத்துல ரத்தக் குழாய் ஏற்கெனவே நசுங்கியிருக்கு. தேய்ச்சா இன்னும் கெட்டுப்போகும்ங்கறாங்க. ஸ்பிரிட் தோலைக் காய வைக்குது.”

“சொன்னவங்கள்ல ஒருத்தராவது முதுகு தேய்ச்சிருக்காங்களா?”

“தேய்ச்சவங்களை எண்ணியிருக்காங்க.”

“எண்ணறதுக்கு என்ன, நான்கூட எண்ணுவேன். என் வார்டுல புண்ணே வரலையே, அதுக்கு என்ன சொல்ற புரொபசர்?”

“புண்ணு வராததுக்குக் காரணம் நீ தேய்ச்சது இல்லம்மா. தேய்க்கறதுக்காகத் திருப்பினியே, அதனாலதான் வரலை.”

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.

“அப்ப திருப்பி வச்சுட்டு, தேய்க்காம விட்டிருந்தா?”

“இன்னும் நல்லா இருந்திருக்கும்.”

உள்ளங்கையை ஒரு தடவை விரித்துப் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று தெரியாததால் கால் துடைக்கத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் நர்சுகளைக் கூப்பிட்டு அம்மாவே சொன்னாள். “இனிமே ஸ்பிரிட் கெடையாது. திருப்பு, தோலைப் பாரு, தலையணையை முட்டுக் குடு. தேய்க்கற நேரம் மிச்சமாகுதுல்ல, அதுல இன்னும் ரெண்டு தடவை திருப்பு.”

தையல்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. “ஏன் சிஸ்டரம்மா, எம்மேல ஏதும் கோவமா?”

“கோவம் என்னண்ணே. எம்புள்ள படிச்சுட்டான்.”

வார்டு நன்றாகத்தான் இருந்தது. சிவந்திருந்த முதுகுகள்கூட வெளுத்தன. நான் இரண்டு பரிந்துரைகள் எழுதினேன். ஒன்று, தேய்ப்பதை நிறுத்த வேண்டும். இரண்டு, மிச்சமாகும் நேரம் முழுவதையும் நோயாளியைத் திருப்புவதற்கே கொடுக்க வேண்டும். மேடம் படித்துவிட்டு ஆஸ்பத்திரி நிர்வாகக் கூட்டத்தில் பேச அனுப்பினார்.

மேனேஜர் போனில் எதையோ பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முதல் பரிந்துரை வந்ததும் நிமிர்ந்தார்.

“நிறுத்தினா எவ்வளவு நேரம் மிச்சம் தம்பி?”

அசத்துவதற்காகக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். “ஒரு ஷிப்டுக்கு ஒரு நர்சோட பாதி நேரம் சார். அந்த நேரத்தை என்ன செய்யணும்னா—”

“பாதி ஆளு” என்று எழுதிக்கொண்டார்.

“ரெண்டாவது பரிந்துரை சார்...”

“டீ வந்துருச்சு.”

சான்று கொண்டு போனேன், சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த வாரமே சுற்றறிக்கை வந்தது. ஆராய்ச்சிச் சான்றின் அடிப்படையில் முதுகு தேய்க்கும் பணி நிறுத்தப்படுகிறது, மிகையாகும் பணியாளர்கள் வேறு பிரிவுக்கு மாற்றப்படுகிறார்கள். அடியில் ஆதாரம் என்று என் பேர், இனிஷியலோடு. மேனேஜர் எழுதிக்கொண்ட பாதி ஆள் சுற்றறிக்கையில் இரண்டாகியிருந்தது; அம்மாவின் வார்டிலிருந்து இரண்டு நர்சுகள் போனார்கள். முழு உடல் பரிசோதனைக்கு வருகிறவர்களை வாசலில் சிரித்த முகமாக வரவேற்கும் வேலை. இரண்டு பேரும் மூன்று வருஷம் என் அம்மாவிடம் பயிற்சி எடுத்தவர்கள். சிரிப்பதற்கு மட்டும் தனியாக இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்களாம்.

பகல் ஷிப்டில் அம்மாவும் இன்னொரு நர்சும் மிஞ்சினார்கள். மாத்திரை, ஊசி, கட்டு மாற்றுவது, பெட்பேன். திருப்புவது என்பது ‘இதோ வர்றேன்’ ஆயிற்று. ஸ்பிரிட் புட்டி கையில் இருந்தவரை ஒவ்வொரு முதுகுக்கும் போய்த்தான் ஆக வேண்டும். புட்டி போனதும் முதுகுப் பக்கம் போவதற்கான காரணமும் போய்விட்டது. தப்பான வேலை ஒன்று, சரியான வேலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு இத்தனை வருஷமும் வார்டைச் சுற்றி வந்திருக்கிறது. தப்பானதை நான் பிடித்து நிறுத்தினேன்.

முதல் புண் தையல்காரருக்கு வந்தது. கூடவே அம்மாவுக்கு மெமோ வந்தது. நோயாளிகளைத் திருப்புவதில் கவனக்குறைவு, விளக்கம் தருக. திருப்புவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு மேற்கோளும் காட்டியிருந்தார்கள். வாசகம் பழக்கமானதாக இருந்தது. என் இரண்டாவது பரிந்துரையைக் கடைசியில் யாரோ படித்துவிட்டார்கள்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். “ஆளைக் கொறைச்சா புண்ணு வரும்னு ஒரு பேப்பர் தேடிக் குடுடா. நீதான் தேடுவியே” என்றாள்.

தேடினேன். ஒன்றில்லை, கட்டுக் கட்டாக இருந்தன. பவுடர் கம்பெனிக்காரன், பதினாலு ஆள்காரன் எல்லாரையும் கழித்துவிட்டு நல்லதாக நாலைப் பொறுக்கிக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

“இதெல்லாம் எங்க நடந்தது?”

“வெளிநாட்டுல சார்.”

“நம்ம ஆஸ்பத்திரிக்குப் பொருந்துமா? நீயே எழுதியிருக்கியே தம்பி, எந்த ஆய்வையும் நம்ம சூழலுக்குப் பொருந்துதான்னு பார்க்காம எடுத்துக்கக் கூடாதுன்னு. அருமையான வரி.”

“தேய்க்கக் கூடாதுங்கறதும் வெளிநாட்டுல கண்டுபிடிச்சதுதான் சார்.”

“அதுக்குச் செலவில்லையே.” நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “இந்த வார்டுல, இப்ப இருக்கற ஆளை வச்சுக்கிட்டு, புண்ணு வருதுன்னு சான்று கொண்டா. ஒரு மாசம் அளந்து எழுது. நிரூபிச்சா ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பறேன்.”

“அதுவரைக்கும் சார்?”

“அதுவரைக்கும் ஆளைக் கூட்டக் கூடாது. கூட்டினா உன் ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்ல?”

காகித அளவுகோலோடு வார்டுக்குப் போனேன். அம்மா தையல்காரரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். நான் குனிந்து அளந்தேன்.

“என்ன டாக்டர் தம்பி, அளவு எடுக்கறியா?”

“ஆமாண்ணே. மூணு சென்டிமீட்டர்.”

“கொஞ்சம் கூட்டியே வச்சுக்க. வளர்ற புள்ள.” அவர் சிரித்ததில் கட்டில் ஆடியது.

அம்மா சிரிக்கவில்லை. அளந்து முடித்த பிறகும் அவரை மல்லாத்தவில்லை. முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து அப்படியே விட்டாள்.

“சிஸ்டர், பழையபடியே படுக்க வைக்கணும். இல்லேன்னா கணக்கு தப்பாயிடும்” என்றேன், குரலைத் தாழ்த்தி.

“எந்தக் கணக்கு?”

“புண்ணு பெருசானாத்தான் ரெண்டு பேரும் திரும்பி வருவாங்க. நீ திருப்பி வச்சா ஆறிடும்.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நல்ல வேளையாக வார்டில் என்னை அறைய விதியில் இடம் கிடையாது.

“அதுக்காக இவரு முதுகை வேகவிடச் சொல்றியா?”

தையல்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காதில் விழாத மாதிரி இருந்தார்.

அம்மா அன்றைக்கு ட்யூட்டி முடிந்தும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. தலைமாட்டில் அவளும் கால்மாட்டில் நானுமாக ஒவ்வொரு கட்டிலாகத் திருப்பினோம். மறுநாளும். வகுப்பு முடிந்தால் நேராக வார்டுக்கு வந்துவிடுவேன். அம்மாவின் கணுக்கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனது. நான் அளந்துகொண்டே இருந்தேன். மூன்று, இரண்டரை, இரண்டு. ஆராய்ச்சி வரலாற்றில் இவ்வளவு பாடுபட்டுத் தன் சான்றைத் தானே ஆற்றிய மாணவன் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். மாசக் கடைசியில் தையல்காரருக்குத் தோல் மூடிவிட்டது.

மேனேஜர் என் அட்டவணையைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். அவர் ஒன்றை முழுதாகப் படித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“குறைஞ்சிருக்கே தம்பி.”

“சார், அதுக்குக் காரணம் இருக்கு. ட்யூட்டி முடிஞ்ச பிறகும் நின்னு நானும் அம்மா... நானும் சிஸ்டரும் திருப்பினோம். கீழ குறிப்புல எழுதியிருக்கேன். அந்த ரெண்டு ஆள் வேலையை நாங்கதான் செஞ்சோம்.”

“படிச்சேன். அதைத்தான் நானும் சொல்றேன். முடியுது இல்ல?”

வார்டுக்குத் திரும்பி வந்தேன். அம்மா ஏழாம் கட்டிலில் தையல்காரரின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துக் குனிந்திருந்தாள்.

“என்னடா சொன்னாரு?”

“முடியுதாம்.”

இன்னொரு கையையும் அவர் தோளுக்கடியில் நுழைத்தாள்.

“சரி, நிக்காத. அந்தப் பக்கம் பிடி” என்றாள்.

பிடித்தேன்.