சிவப்பு வில்லை இருபது

பாதித் தலை மழித்தாகியிருந்தபோது போன் அடித்தது.

சுடுகாட்டுக் கல்லில் குத்தவைத்திருந்த மணிகண்டபிரபுவுக்கு வலது பக்கம் மொட்டை. இடது பக்கம் முடி இருந்தது; அதிலும் பாதி ஏற்கெனவே சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது. அவன் சட்டையை மடியில் வைத்திருந்த சங்கரபாண்டி மாமா, போனை எடுத்துத் தூரப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார்.

"ஏலே, புரொபசர்னு வருது. அமத்தட்டா?"

"குடுங்க மாமா."

"ஆட்டாதிய தம்பி, காது போயிரும்" என்று சவரக்கத்தியைத் தூக்கிக்கொண்டார் மழித்துக்கொண்டிருந்தவர்.

"பிரபு, அறிக்கை திங்கக்கிழமை வந்திரும்ல?" என்றார் புரொபசர். "தீவனத்தால பிரயோஜனம் இல்லைன்னு தெளிவா முடிச்சிருங்க. அதை வச்சுத்தான் ஆடு வளக்கிறவங்களுக்கு நாம சொல்லப்போறோம்."

"வந்திரும் சார்."

"எங்க இருக்கீங்க? ஒரே காத்துச் சத்தம்."

எதிரே எருவட்டி அடுக்கின்மேல் அக்கா கல்யாணசுந்தரி கோடிச் சேலையில் படுத்திருந்தாள்.

"ஊர்ல ஒரு சின்ன வேலை சார்" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை. லீவு கேட்கக் கூச்சப்படுவது அவன் பிறவிக்குணம். தன் கல்யாணத்துக்கே அரை நாள்தான் எழுதிக்கொடுத்தவன். கால்நடை மரபியல் துறையில் பதினோரு வருஷமாகத் தற்காலிகப் பணி. இந்த அறிக்கை போனால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

மழிப்பவர் மீதித் தலையையும் முடித்தார். பானையில் ஓட்டை போட்டுத் தோளில் வைத்தார்கள். மூன்று சுற்று. கொள்ளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் ஆளுக்கு அரைக் கிலோ காலில் அப்பியது. இறந்தவளை விட்டுவிட்டு ஓடுகிறவனை நிலமே பிடித்து இழுப்பதுபோல ஏதாவது தோன்றவேண்டும் என்று எதிர்பார்த்தான். செருப்பைப் பற்றித்தான் கவலையாக இருந்தது.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று. மேய்ச்சலில் உடைமர நிழலில் சாய்ந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. அப்பாவும் அம்மாவும் முன்னாலேயே போய்விட்டார்கள். தம்பியும் ஆடுகளும்தான். தம்பியைவிட ஆடுகள் அடிக்கடி வீட்டில் இருந்தன.

அந்த வீட்டில் ஒரு காலத்தில் ஒரே ஒரு கோழி முட்டையிட்டது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு முட்டை என்பது அப்பாவின் சட்டம். அக்கா எட்டாவதோடு நின்றவள். முட்டையை அவித்து, உரித்து, அவன் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்பாள். அவன் தின்று முடிக்கிறவரை நிற்பாள். தன்மேல் வைத்த பாசம் என்று வெகுநாள் நினைத்திருந்தான்.

ஆராய்ச்சிக்கு ஆடு தேடியபோது அக்காவின் வேம்பூர் ஆடுகள்தான் ஞாபகம் வந்தன. ஒரே கிடாவுக்குப் பிறந்த நாற்பது குட்டிகள். இருபதுக்குக் காதில் மஞ்சள் வில்லை: மேய்ச்சலோடு புண்ணாக்கும் தாது உப்பும் கலந்த தீவனம், தினமும் ஆறு தேங்காய்ச் சிரட்டை அளவு. இருபதுக்குச் சிவப்பு வில்லை: வெறும் மேய்ச்சல். தீவனம் போட்டால் டிக், போடாவிட்டால் பூஜ்யம் என்று கட்டம் போட்ட தாளையும், நூலில் கட்டிய பென்சிலையும் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் எடுத்தான். தீவனம் தின்ற குட்டியின் உடம்பில் எந்த ஜீன் கூடுதலாக வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று பார்க்கவேண்டும். பதிமூவாயிரம் ஜீன்கள். ஒன்றுகூட மாறாவிட்டாலும், நூற்றுக்கு ஐந்து வீதம் அறுநூற்றைம்பது தற்செயலாகவே 'நான் மாறினேன்' என்று கை தூக்கும். பொய்க் கைகளைக் கழிக்க ஒரு கணக்கு இருக்கிறது. கழித்தான். ஒரு கையும் மிஞ்சவில்லை. எடையிலும் வித்தியாசம் இல்லை.

ஆய்வகத்தைச் சந்தேகப்பட்டான். ரத்தம் எடுத்த ஊசியைச் சந்தேகப்பட்டான். தாய் ஆடு, பிறந்த மாதம், வெயில், மழை எல்லாவற்றையும் சமன்பாட்டுக்குள் திணித்துப் பார்த்தான். ஆறு மாதத் தூக்கம் போனது. கடைசியில் 'இந்தத் தீவனம் பயனற்றது' என்று எழுதிவிட்டுத்தான் ஊருக்கு வந்தான், வந்தது இதற்கு.

குளித்து, விளக்கேற்றி, கேதத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த சோற்றைத் தின்றபோது மணி நாலு. பின்னால் ஆடுகள் கத்தின. பக்கத்துக் காட்டுக்காரி மாடத்தி, அக்காவோடு இருபது வருஷம் சேர்ந்து ஆடு மேய்த்தவள், எட்டிப் பார்த்தாள்.

"காலைல என் ஆட்டோட மேய்ச்சுப் பத்திட்டு வந்துட்டேன். தீவனம் நீங்க போடுங்க தம்பி. கேதம் நமக்குத்தான, அதுகளுக்கு என்ன."

வாளியில் ஆறு சிரட்டை அள்ளிக்கொண்டு மஞ்சள் வில்லைகளின் தொட்டிக்கு நடந்தான். மொட்டைத் தலையைக் கண்டு குட்டிகள் ஓரடி பின்வாங்கின. அவனும் கண்ணாடியில் பார்த்தபோது அதைத்தான் செய்திருந்தான்.

"பூராத்தையும் இதுலயா கொட்டப்போறிய?" என்றாள் மாடத்தி.

"ஆமா மதினி."

"அப்ப செவப்புக்கு?"

"செவப்புக்குக் கிடையாது."

மாடத்தி கொட்டகைக்குப் பின்னால் தாடையைக் காட்டினாள். தொட்டியாக வெட்டித் திருப்பிய பழைய லாரி டயர் ஒன்று கிடந்தது. அவன் வைத்ததல்ல. அதைச் சுற்றிச் சிவப்பு வில்லைகள் நின்றன. எண்ணினான். இருபது.

"எப்ப இருந்து?"

"மொத நா நீங்க சொன்னபடிதான் போட்டா. மறுநா இந்த டயரை உருட்டிட்டு வந்துட்டா." மாடத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரே கிடாவுக்குப் பொறந்ததுக, ஒண்ணு திங்க ஒண்ணு பாக்கணுமாம், என் தம்பி படிச்ச படிப்பப் பாருட்டின்னு சிரிப்பா. ஒருநா மட்டும் சிரிக்கல. எதிர்க்க நின்னு பாக்கது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ட்டின்னா. என்ன ஏதுன்னு நான் கேக்கல."

பிரபு வாளியைக் கீழே வைத்தான்.

"எத்தன சிரட்ட போடுவா?"

"நான் என்னத்த எண்ணுனேன். மூட்டை மட்டும் நாளுக்குச் சரியாத் தீரும். தம்பி கேட்டுருவான்னு பயம்."

ஆணியிலிருந்து தாள்களைக் கழற்றினான். மஞ்சளுக்கு எதிரே தினமும் டிக். போட்டிருக்கிறாள், பொய்யில்லை. சிவப்புக்கு எதிரே பூஜ்யம் இல்லை. எல்லாக் கட்டமும் காலி. கணினியில் ஏற்றும்போது, எழுதச் சோம்பல் அக்காவுக்கு என்று சிரித்துக்கொண்டே, அத்தனை கட்டத்திலும் அவன்தான் பூஜ்யத்தைத் தட்டினான். காலி வேறு, பூஜ்யம் வேறு என்று வருஷாவருஷம் முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன்.

தாளை வெளிச்சத்தில் பிடித்தபோது சில காலிக் கட்டங்களில் புண்ணாக்கு எண்ணெய் பெருவிரல் அளவுக்கு ஊறியிருந்தது. எழுதலாமா வேண்டாமா என்று விரலை வைத்துக்கொண்டு நின்றிருப்பாள்.

போனை எடுத்தான்.

"சார், திங்கக்கிழமை அறிக்கை வராது. அந்த முடிவு தப்பு. செவப்பு இருபதுக்கும் தீவனம் போயிருக்கு. வித்தியாசம் இல்லாததுக்கு அதான் காரணம். தீவனம் நல்லதா கெட்டதான்னு நமக்கு இன்னும் தெரியாது."

"என்னப்பா சொல்றீங்க? யார் போட்டது, உங்க அக்காவா?"

"தாள்ல அவ தப்பா எழுதல சார். காலியா விட்டிருக்கா. பூஜ்யம் போட்டது நான்."

அந்தப் பக்கம் நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கிற சத்தம் கேட்டது.

"உங்க வேலை விஷயமும் இதுல இருக்கு, தெரியும்ல?"

"தெரியும் சார்."

"சரி, விடுங்க." புரொபசர் கெட்ட மனுஷன் இல்லை. குரல் தணிந்திருந்தது. "ரெண்டு பக்கமும் எவ்வளவு போட்டாங்கன்னு தெரிஞ்சா ஏதாவது தேத்தலாம். அக்காகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

பிரபு தலையைத் தடவினான். கை வழுக்கிக்கொண்டு போனது.

"கேட்டுச் சொல்லுதேன் சார்."

மாடத்தி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் ஆடுகளை ஓட்டப் போவதுபோல அந்தப் பக்கம் போய்விட்டாள்.

வாளியை எடுத்துக்கொண்டு டயருக்குப் போனான். ஒரு சிரட்டை அள்ளிப் போட்டான். இருபது தலையும் முட்டி மோதித் தின்றன; தின்றுவிட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தன. இரண்டாவது சிரட்டை. தின்றன, நிமிர்ந்து பார்த்தன. மூன்றாவதைப் போட்டான்.

டயரை நக்கி முடித்ததும் எதுவும் அவனைப் பார்க்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி நடந்தன. வாளியில் பாதி இருந்தது.