பர்மா தேக்கு, மேட் ஃபினிஷ்

மானாம்பதி தாமோதரன் வீட்டு அலமாரிகள், அவர் ஒரு தடவை "பர்மா தேக்கு" என்று சொன்னால் அரை அங்குலம் வீங்கும். "ஒரிஜினல்" என்று முன்னால் சேர்த்துக்கொண்டால் முக்கால் அங்குலம். இதில் ஏற்ற இறக்கம் கிடையாது. சொன்னவர் மாடியில் இருந்தாலும் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஐயங்கார்குளத்துக் கல்யாணத்துக்குப் போனவர் பந்தியில் ஐந்து தடவை சொல்லிவிட்டார் என்பது, அவர் வீடு வந்து சேருமுன்பே மனைவி பாஞ்சாலிக்குத் தெரிந்துவிட்டது. அலமாரி இரண்டரை அங்குலம் முன்னால் வந்து கட்டில் காலை இடித்துக்கொண்டு நின்றது.

அந்த அலமாரிகளைச் செய்தவர் அதே ஊர்க் காலனியில் இருக்கும் பெஞ்சமின். அவருடைய அப்பாவும் தாத்தாவும் தாமோதரன் குடும்பத்து நிலத்தில் நெற்கட்டுத் தூக்கியவர்கள். பெஞ்சமின் மட்டும் ஒரகடம் பக்கம் ஒரு மாட்யூலர் கிச்சன் பட்டறையில் பதினாறு வருஷம் வேலை கற்று, கட்டர், ட்ரில், ரவுட்டர் என்று ஒவ்வொன்றாக வாங்கி ஒரு இரும்புப் பெட்டி நிறையச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார். இரண்டு பேருக்கும் ஐம்பத்திரண்டு வயது. தாமோதரன் புது வீட்டுக்குக் கடைக்கால் போட்ட நாள் முதல் ஒருவர் மற்றவரை "சார்" என்று கூப்பிட வேண்டியிருந்தது. மற்றவர் பழையபடி "டா"வோடு நிறுத்திக்கொண்டார்.

பலகை எடுக்க இரண்டு பேரும் காஞ்சிபுரம் போனார்கள். தாமோதரன் கை நேராகப் போய் நின்றது, கடையிலேயே மட்டமான பார்ட்டிகிள் போர்டின் மேல். "சார், இது மரத்தூளு. பசைல கொழச்சி அழுத்தி வச்சிகீறாங்க. உங்க வூட்டு ஏரிப் பக்கச் சொவுரு ஓதம் அடிக்கும், ஊறிப்பூடும். தண்ணி தாங்கற ப்ளைவுட்டு போடுங்க. இல்லாங்காட்டி, கொல்லில வேம்பு வெட்டிப் போட்டுகீதே, அத்த அறுத்து ஃபிரேம் அடிச்சித் தரேன், பூச்சி கிட்ட வராது" என்றார் பெஞ்சமின். "வேப்பமரமா? சம்பந்தி வந்தா இன்னான்னு சொல்றது?" என்று கேட்டார் தாமோதரன். பிறகு மேலே ஒட்டுகிற மைக்காவைப் புரட்டினார். நாற்பது தேக்குக் கலர் இருந்தது. அவர் பிடித்த தாளின் முதுகில் ஒரு ஸ்டிக்கர்: 'பர்மா தேக்கு, மேட் ஃபினிஷ்'. அதைப் படித்த நொடியிலிருந்து அவர் பர்மா தேக்கு வாங்கியவர் ஆகிவிட்டார். அவரைத் தவிர வேறு யாரும் அவரை ஏமாற்றவில்லை என்பதைப் பதிவு செய்துவிடுவது நல்லது.

கிரகப்பிரவேசத்தன்று வந்தவர்கள் கதவைத் திறந்து மூடிப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். சத்தம் வராத கீல். நூல் பிடித்த மாதிரி ஓரம். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில் மரத்தின் ரேகை அறுபடாமல் ஓடியது. அதைச் செய்த கைகளுக்கு மாட்டுக்கொட்டகை ஓரத்தில் இலை போட்டார்கள். உள்ளே தாமோதரன் பதினோரு தடவை சொன்னார். சாயங்காலம் அலமாரிக் கதவு மூடவில்லை.

மழை வந்தால் ஊறும் என்றுதான் பெஞ்சமின் சொல்லியிருந்தார். மழையே வரவில்லை. பங்குனி வெயிலில், ஏரி வறண்டு கிடந்தபோது, அலமாரிகள் மாதத்துக்கு ஒன்றரை அடி என்ற வீதத்தில் நடு அறைக்கு வந்துகொண்டிருந்தன. தாமோதரன் ஆள் அனுப்பினார். பெஞ்சமின் பெட்டியோடு வந்தார்.

"தேக்கு வாங்கிக் குடுத்தா, மாத்தி மரத்தூள வச்சிட்டியாடா?"

"கடைக்கு நாம ரெண்டு பேருதான சார் போனோம்."

"ஸ்டிக்கர்ல இன்னா போட்டிருந்துச்சி?"

"அது கலரோட பேரு சார். எங்க தெருவுல கூட ராஜான்னு ஒருத்தன் கீறான். நூறு நாள் வேலைக்குத்தான் போய்க்கினுகீறான்."

இந்தப் பதிலுக்குத்தான் பெட்டி பறிபோனது என்று பெஞ்சமின் மனைவி மேரி இன்றைக்கும் சொல்வாள். "தேக்க எடுத்தாந்து வச்சிட்டு பொட்டிய எடுத்துக்கினு போ" என்று தாமோதரன் அதைச் சன்னல் ஓரத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

பதினாறு வருஷச் சேமிப்பு உள்ளே போயிற்று. கட்டர் இல்லாத ஆசாரியை யார் கூப்பிடுவார்கள்? கூப்பிட நினைத்தவர்களும், பெஞ்சமின் மரத்தை மாற்றிவிட்டதாகத் தாமோதரன் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு வேறு ஆள் பார்த்தார்கள். பெஞ்சமின் ராஜாவோடு நூறு நாள் வேலைக்குப் போனார். "மரத்தூளுக்குக் கீற ரோஷங்கூட உனக்கில்லியேய்யா" என்றாள் மேரி. அவர் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டார்.

சடையப்பன் தலைமையில் நாலு பேர் வந்து அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பெஞ்சமினை வாசற்படியில் நிற்க வைத்தார்கள். தாமோதரன் கையைக் கூப்பிக்கொண்டு, தான் கொடுத்தது ஒரிஜினல் பர்மா தேக்கு என்று நாலு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார். மூன்று அங்குலம். அலமாரி சடையப்பனை நாற்காலியோடு தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தது. அவர் மூச்சுப் பிடித்தபடியே விசாரித்து, குற்றம் வேலை செய்தவனுடையது என்று தீர்ப்புச் சொன்னார். கண்ணால் பார்த்ததை நம்பும் பழக்கம் அந்த நாலு பேர் குடும்பத்திலும் இருந்ததில்லை. குடவோலை போட்டு ஆள் எடுத்த ஊர்ப் பக்கம்தான் நம்முடையது என்று போர்டு வைத்திருக்கிறோம். அந்தக் குடத்தில் பெஞ்சமின் பெயர் எழுதிய ஓலை எப்போதாவது விழுந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்த பொங்கலுக்குள் சமையலறை போயிற்று, பூஜை அறை போயிற்று. "இன்னொருவாட்டி வாயத் தொறந்தா சோறு கெடையாது" என்று பாஞ்சாலி சொல்லிப் பார்த்தாள். அவரால் முடியவில்லை. கடைசியில் கட்டிலையும் டிவியையும் தூக்கிக்கொண்டு இருவரும் மாட்டுக்கொட்டகைக்குக் குடிபோனார்கள். அங்கிருந்தபடியே, வீடு முழுக்கத் தேக்காகிவிட்டதால் உள்ளே புழங்க மனசில்லை, அதனால்தான் வெளியே இருக்கிறோம் என்று போகிறவர் வருகிறவரிடம் சொன்னார்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, நூறு நாள் வேலைக்காரர்கள் அந்த வீட்டுப் பின்பக்க வாய்க்காலில் தூர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏரிப் பக்கச் சன்னல் கம்பி முனகியது. அலமாரி பக்கவாட்டில் விரிந்து, கம்பியை வேரோடு பிடுங்கி, வயிற்றிலிருந்த இரும்புப் பெட்டியை வெளியே தள்ளியது. அது பெஞ்சமின் காலடியில் வந்து நின்றது. அவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார், திறந்து எண்ணிப் பார்த்தார், எல்லாம் இருந்தது. தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மேற்பார்வைக்காரர் அன்றைக்கு அரை நாள் கூலிதான் போட்டார்.

ஆனி மாதம் தாமோதரன் முதல்முறையாகக் காலனிக்குள் வந்தார். வண்டியை விட்டு இறங்காமலே, கொட்டகையில் துணி வைக்க இடமில்லை, ஒரு அலமாரி செய்ய வேண்டும் என்றார். "டா" எதுவும் வரவில்லை; "பா" வந்தது. மேரி உள்ளேயிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள், உட்காரச் சொல்லவில்லை.

பெஞ்சமின் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"ஊருக்கு இன்னா மரம்னு சொல்லப்போறீங்க?"

"எதுக்குப்பா?"

"அத்த சொல்லுங்க மொதல்ல. எவ்ளோ இடம் வுடணும்னு பாத்துட்டுத்தான் அளவெடுக்கணும்."

தாமோதரன் வண்டி மேல் உட்கார்ந்தபடியே கொட்டகையின் நீள அகலத்தை விரல் விட்டுக் கணக்குப் போட்டார். பிறகு, மூணு பக்கமும் ஆறு ஆறு அடி விட்டுவிடும்படி சொன்னார். பெஞ்சமின் குறித்துக்கொண்டார்.