கத்திக்குப் பொட்டு

ஆயுத பூஜையன்று மத்திகிரி வாடகை வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. அழகர்சாமியின் ஸ்பேனர், அரம், கருப்பாயியின் அரிவாள்மனை, வாசலில் நிற்கும் மொபட். கத்திக்கு மட்டும் கிடையாது. அது நம்ம பொருள் இல்லை என்பார் அழகர்சாமி. அதைக் கொண்டு திருஷ்டிப் பூசணிக்காயைப் பிளப்பார். பிறகு கழுவாமல் அலமாரியின் கீழ்த்தட்டில் எறிவார்.

கார்கிலில் அவர்கள் மகன் பிரதாப்பைச் சுட்டவனின் கத்தி அது. மறுநாள் அவனும் விழுந்தான். பிரதாப்பின் கூட்டாளிகள் அவன் இடுப்பிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார்கள். மரப்பிடியில் ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் உருதுவில் ஏதோ வெட்டியிருந்தது.

பிரதாப்பின் இடுப்பிலிருந்தும் ஒன்று போயிருந்தது. வெள்ளி அரைஞாண் கொடி. அதில் ஒரு தாயத்து. அதற்குள் அவன் தொப்புள்கொடி. எரிக்கக் கொண்டுபோகும் முன் கொடியை அறுக்க வேண்டும். சடங்கு செய்ய வந்தவர் தடவிப் பார்த்தார். இல்லை. கருப்பாயி அவர் கையைத் தள்ளிவிட்டுத் தானே தேடினாள். துணிக்குள், பஞ்சுக்குள், பெட்டியின் அடியில். பெண்கள் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

2004 ஆடியில் சூளகிரி வெங்கடப்பன் வந்தார். ஓய்வு பெற்ற சுபேதார். ராணுவ அலுவலகத்திலிருந்து இப்பக்கத்து வீடுகளுக்குச் சேதி கொண்டு வருபவர்.

"ரெண்டு தேசமும் இப்ப நல்லா பேசிக்கினு இருக்காங்கோ. எடுத்த சாமானைத் திருப்பிக் குடுத்துக்கலாம்னு முடிவு. உங்க பையன் கொடி அங்க இருக்குதுண்ணா. தாயத்தோட."

கருப்பாயி அடுப்பை அணைத்தாள்.

"சும்மாவா தர்றாங்க?" என்றார் அழகர்சாமி.

"அந்தக் கத்தியைக் கேக்கறாங்கோ."

"பூசணிக்கா வெட்டுற கத்திக்கு ரெண்டு கவர்மெண்டா? அடுத்து இவ அரிவாமனையக் கேப்பாங்களா சுபேதாரே?"

"நக்கல் பண்ணாதீங்கண்ணா. கேக்கறது அவனோட அம்மா." வெங்கடப்பன் கத்தியை வாங்கித் தகட்டைத் தடவினார். "இது அவன் பேரு. அந்தம்மாவே சொல்லி வெட்டுனதாம். இதை வெச்சுத்தான் அடையாளம் பாப்பாங்கோ. பேரு இருந்தாத்தான் கொடி வரும்."

கருப்பாயி கேட்டாள். "அவ மகனை அடக்கம் பண்ணிட்டாளா?"

"உடம்பு கெடைக்கலீங்களேம்மா. இந்தக் கத்தி வந்தா இதையாவது பொதைக்கலாம்னு உக்காந்திருக்குதாம்."

கருப்பாயி தலையாட்டினாள். காபி போட உள்ளே போனாள்.

தர மாட்டேன் என்று அழகர்சாமி ஆடி முழுக்கச் சொன்னார். ஷிப்டு முடிந்து வந்த ஒரு மாலையில் வேறு மாதிரிச் சொன்னார்.

"உனக்காகத்தான் குடுக்குறேன். கொடி வரட்டும்."

"உங்க இஷ்டம்" என்றாள்.

அவர் கத்தியை முதல் முறையாகக் கழுவினார். எண்ணெய் பூசினார். செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

ஆவணியில் வெங்கடப்பன் பையோடு வந்தார். தாளைப் பிரித்தார். தகடு புதிதாக மின்னியது. பெயர் இல்லை.

அழகர்சாமி பிடியை வெளிச்சத்தில் திருப்பினார். அரத்தை முன்னும் பின்னும் போட்டு இழுத்த கீறல்கள். அரம் பிடிக்கத் தெரியாத கை. அவருடைய அரம்.

"யாரு பண்ணது?" என்றார் வெங்கடப்பன்.

"நாந்தேன்" என்றாள் கருப்பாயி.

"ஏம்மா, இனி கொடி வராதும்மா."

"வந்தா? எந்த இடுப்புல கட்ட?"

"கருப்பாயி, அதுக்குள்ள புள்ளயோட தொப்புள்கொடி இருக்கு" என்றார் அழகர்சாமி.

"எனக்குத் தெரியாதா? என் வயித்துல கெடந்தது."

வெங்கடப்பன் எழுந்துவிட்டார். "பெரிய பெரிய ஆளுங்க உக்காந்து பேசிருக்காங்கோ. தேசமே விட்டுக் குடுத்திருச்சு, உனக்கு என்னாம்மா?"

"தேசமா பெத்துச்சு?"

"அந்தம்மாவும் பெத்தவதானே. தேடிக்கினே கெடக்கும்."

"தேடட்டும். நான் தேடல? எம்மகன் அங்கிட்டு எவன் பீரோவுலயோ கெடக்கான். அவ மகன் இங்க கெடக்கட்டும்."

வெங்கடப்பன் வெறும் பையை மடித்துக்கொண்டு போனார். அழகர்சாமி வெகுநேரம் அரத்தின் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பித்தளைத் தூள் அடைத்திருந்தது.

ஆயுத பூஜை வந்தது. அழகர்சாமி வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு போனார். ஸ்பேனர். அரம். அரிவாள்மனை. வரிசையின் கடைசியில் கத்தி இருந்தது. அதை அவர் அங்கே வைக்கவில்லை. கிண்ணத்தோடு எழுந்தார்.

"அதுக்கு?"

"அது நம்ம பொருள் இல்ல."

"பேரு இருக்கா பாருங்க."

அவர் பார்க்கவில்லை. கருப்பாயி அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள். பெயர் இருந்த இடத்தில் சந்தனம் வைத்தாள். அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தாள்.

அந்த வருடம் அழகர்சாமி பூசணிக்காயைப் பிளக்கவில்லை. தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தரையில் போட்டு உடைத்தார்.