வாய் நிறைய நிறம்

வெங்காயத்தோல், அரக்கு, மயில்கழுத்து. கிளிப்பச்சை, கத்திரிப்பூ, தேன்.

முதலாளி துரைக்கண்ணு போனில் சொன்ன வரிசை இது. இரண்டு கல்யாணப் பட்டு, ஒவ்வொன்றுக்கும் உடல், பார்டர், முந்தி. அவர் சொல்லி முடித்ததும் என் போன் செத்துப்போனது. கையில் பேனாவும் இல்லை. சாயப்பட்டறையில் ரங்கசாமி கொப்பரையைக் கொதிக்கவிட்டுக் காத்திருந்தார். வரிசை மாறினால் அத்தனை பட்டு நூலும் பாழ். உதட்டுக்குள் உருப்போட்டுக்கொண்டே நடந்தேன்.

ஆரணியில் பேசாமல் ஒரு தெருவைத் தாண்ட விடுவார்களா? "எங்க இவ்ளோ ஜல்தியா போய்கினு இருக்க? சாப்ட்டியா?" என்று பரிமளா அக்கா வழிமறித்தார். ஒரு வார்த்தை பேசினால் ஒரு நிறம் போய்விடும். கையை மட்டும் ஆட்டினேன்.

"ஐய, இன்னா திமிரு பாரு!"

பேஜார் அத்தோடு விட்டதா? அடுத்து அன்பரசு வந்தான். எங்கள் தெருவில் தறி நெய்கிறவன். "என்னைக் கட்டிக்கிறியா?" என்று போன வாரம் கேட்டிருந்தான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். உடனே ஒப்புக்கொள்ளத்தான் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"கலை, சந்தவாசல்ல எனக்குப் பொண்ணு பாக்கக் கெளம்பிட்டாங்க. வேன் வந்து நிக்குது. நீ சரின்னா இப்பவே நிறுத்திடறேன்."

இதைக் கேட்க இந்த நேரம்தானா கிடைத்தது! நிறங்களை முணுமுணுத்தபடியே நடந்தேன். அவனும் என் வாயையே பார்த்துக்கொண்டு பட்டறை வாசல் வரை வந்தான்.

"புரிஞ்சுது, நான் போறேன்" என்று முகம் சுண்டித் திரும்பினான்.

நிறமாவது மண்ணாவது!

"யோவ்! கட்டிக்கிறேன்யா! வேனைத் திருப்பி அனுப்பு!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"இன்னாம்மா கலரு?" என்றார் ரங்கசாமி.

"வெங்காயத்தோல்..." அதற்குமேல் ஒன்றுமே வரவில்லை. தலை சுத்தமாகக் காலி.

அன்பரசு திரும்பி வந்தான். சம்மதம் சொன்னவளுக்கு ஒரு சிரிப்பாவது வேண்டாமா? மூஞ்சியை விறைத்துக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம்தான் கவனித்தேன், அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"வெங்காயத்தோலு, அரக்கு, மயில்கழுத்து. கிளிப்பச்சை, கத்திரிப்பூ, தேனு" என்று ரங்கசாமியிடம் ஒரே மூச்சில் கொட்டினான். வழியெல்லாம் நான் முணுமுணுத்தது அவனுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது! ரங்கசாமி அதைச் சுவரில் கரியால் எழுதிக்கொண்டார்.

அன்பரசு என் பக்கம் திரும்பிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"இன்னொரு தபா சொல்லு கலை. அப்ப வாயில கலரு ஓடிகினு இருந்துது, சரியா சந்தோசப்படவே முடியல."