மைலோ யார் கையால் சாப்பிடும்

எங்கள் வரிசையில் அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு நாய்கள் வாயில் நுரை தள்ளிச் செத்தபோது, என் சந்தேகம் நேராகப் பக்கத்து வீட்டு அங்கமுத்துவிடம் போய் நின்றது. சந்தேகப்படுவது என் சுபாவம், ஒப்புக்கொள்கிறேன். மீன்காரர் தராசைக்கூட இரண்டு முறை பார்ப்பவள் நான். ஆனால் இவர் விஷயத்தில் காரணமும் இருந்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். எங்கள் மைலோ குரைத்தால் ஜன்னலைப் படாரென்று சாத்துவார். இரண்டாவது நாய் செத்த அன்று காலையில் கடையில் எலி மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

தஞ்சோங் கிளிங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு கம்பி வேலிதான். யார் வேண்டுமானாலும் ஒரு துண்டு இறைச்சியை எறிந்துவிட்டு நடையைக் கட்டலாம். மைலோவோ எது கிடைத்தாலும் முதலில் விழுங்கிவிட்டுப் பிறகு யோசிக்கிற ரகம்.

ஆகவே பழக்க ஆரம்பித்தேன். உள்ளங்கையில் கோழித் துண்டை வைத்து நீட்டுவேன். பாய்ந்தால் கையை மூடிவிடுவேன். நக்கும், பிராண்டும், கெஞ்சும். திறக்க மாட்டேன். அலுத்துப்போய் முகத்தைத் திருப்புகிற அந்த நொடியில், மறு கையிலிருந்து அதைவிடப் பெரிய துண்டைக் கொடுப்பேன். வேண்டாமென்று இருந்தால்தான் கிடைக்கும் என்று ஒரு வாரத்தில் புரிந்துகொண்டது. பிறகு என் கணவர் சுகுமாரனை வாசலுக்கு வெளியே நிறுத்தி, கறி அடைத்துப் பொரித்த ஒரு கறிபாப்பை எறியச் சொன்னேன். மைலோ அதைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எச்சில் மட்டும் ஒரு முழத்துக்குத் தொங்கியது. மைலோவைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். ஆபீஸில் பதவி உயர்வு கிடைத்த அன்றுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

கடைசிப் பாடம், அனுமதிச் சொல். 'சாப்பிடு' என்று யாரும் சொல்லிவிடலாம். நாயிடம் எவனும் சொல்லாத சொல்லாக இருக்கட்டும் என்று நான் பிறந்த ஊரை எடுத்துக்கொண்டேன். தட்டை வைத்து "பெம்பான்" என்றால்தான் வாய் வைக்கும். சுகுமாரனுக்குக்கூடச் சொல்லவில்லை. கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் அவர் வாயில் எதுவும் தங்காது.

தினமும் மாலை ஆறரைக்கு மைலோவுக்குச் சாப்பாடு. சரியாக அதே ஆறரைக்கு வேலியோரம் அங்கமுத்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஒரே மிளகாய்ச் செடிக்கு ஒரு மனிதர் எத்தனை நேரம் தண்ணீர் ஊற்றுவார்? ஒருநாள் கேட்டே விட்டார்.

"நாய் பெரிய கெட்டிக்காரனா இருக்கேம்மா. வேற யாரு குடுத்தாலும் சாப்புடாதா?"

"ஏன் கேக்குறீங்க, அங்கிள்?"

"சும்மாதாம்மா."

சும்மாவாம்! அன்றிலிருந்து குரலைத் தாழ்த்திக்கொண்டேன். தட்டையும் வேலியை விட்டுத் தள்ளி வைத்தேன்.

எட்டு மாதம் போயிற்று. எனக்கு டிங்கி காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் சுகுமாரன் போன் செய்தார்.

"மைலோ நீ போனதுலேர்ந்து ஒன்னும் சாப்புடலைலா. கோழி வச்சேன், மீனு வச்சேன், மூஞ்சிய திருப்பிக்குது."

வேறு வழியில்லாமல் சொல்லைச் சொன்னேன். அரை மணி நேரத்தில் மறுபடி போன்.

"பெம்பான், பெம்பான்னு கத்திக் கத்தித் தொண்ட போச்சு. என்னைய பைத்தியக்காரன பாக்குற மாதிரி பாக்குது."

போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி நானே பேசினேன். மைலோ என்னைத் தேடி வாசலுக்கு ஓடியதாம். சாப்பிடவில்லை. நான்காம் நாள் எழுந்து நிற்கவே முடியவில்லை. மிருக டாக்டர் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, இனி அதுவாகச் சாப்பிட்டால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார். இங்கே என்னை வீட்டுக்கு விடவும் மறுத்துவிட்டார்கள். போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். எவனோ வைக்கும் விஷத்திலிருந்து காப்பாற்றத்தான் அதைப் பழக்கினேன். இப்போது என் பழக்கமே அதைக் கொன்றுகொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் காலை சுகுமாரன் போனில் கத்தினார். "சாப்புட்டுச்சு ராகினி! தட்டு காலி!"

"யாரு குடுத்தா?"

"அங்கமுத்து அங்கிள்."

"உங்களுக்குப் புத்தி இருக்கா? வாயத் தொறந்து வெளிய எடுங்க!" நான் போட்ட கூச்சலில் தாதி ஓடிவந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு போன். வாந்தி எடுக்கிறதா? நுரை வருகிறதா? "வால ஆட்டுதுலா, என்ன செய்யச் சொல்ற?" என்று சலித்துக்கொண்டு, தான் எடுத்திருந்த வீடியோவை அனுப்பினார்.

அங்கமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு மெதுவாகக் குந்துகிறார். தட்டை வைக்கிறார். இடது கையைத் தரையில் ஊன்றுகிறார். வலது கையால் காதோரம் முடியை ஒதுக்கிவிடுகிறார். அவருக்குக் காதோரம் முடியே கிடையாது, முழு வழுக்கை. பிறகு தாழ்ந்த குரலில், "பெம்பான்." மைலோ தட்டில் வாய் வைத்தது.

நாலாவது தடவை பார்க்கும்போதுதான் புரிந்தது. அது நான். தினமும் நான்தான் அப்படிக் குந்துகிறேன், கையை ஊன்றுகிறேன், முடியை ஒதுக்குகிறேன். எனக்கே தெரியாமல் அத்தனையும் செய்து முடித்த பிறகுதான் சொல்லைச் சொல்கிறேன். சுகுமாரன் நின்றுகொண்டு கத்தினால் எப்படிச் சாப்பிடும்?

நான் மறைக்க மறைக்க, அங்கமுத்துவுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. எட்டு மாதமாக மைலோவின் உயிர் அவர் கையில் இருந்திருக்கிறது. நினைத்திருந்தால் ஒரே நாளில் முடித்திருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன்.

மன்னிப்புக் கேட்கக் காரிலேயே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். வேலியோரம் நின்றவர் முந்திக்கொண்டார்.

"ராகினி, அந்தப் பழக்கத்த மாத்திடும்மா. நானே பாத்துக் கத்துக்கிட்டேன்னா, மருந்து வைக்கிறவனும் கத்துக்குவான். வீட்டுக்குள்ள வச்சுப் புதுசா சொல்லிக் குடு. நான்கூட பாக்காத மாதிரி."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் கோபமாகச் சொல்லவில்லை. குழாயை மூடிவிட்டு, ஆறரை மணிக்கு முதல் தடவையாக உள்ளே போகத் திரும்பினார். நான் சந்தேகப்பட்டது அவருக்குத் தெரியும். எல்லா நாளும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் என் நாய்க்காக அந்த முழங்காலை மடக்கியிருக்கிறார்.

அடுக்கி வைத்த வார்த்தைகளை விட்டுவிட்டு, ஓடிப்போய்ச் சோற்றுத் தட்டை எடுத்துவந்து வேலிக்கு மேலே நீட்டினேன்.

"போகாதீங்க, அங்கிள். மைலோவுக்கு நேரமாச்சு. இன்னிக்கி நீங்க குடுங்க."

"முட்டி வலிக்குதேம்மா," என்றபடி அவர் தட்டை வாங்கிக்கொண்டார்.